முப்பது பேருக்கு அறுபது காது
பேச்சு–கேட்டல் துறை மாணவர் ஆய்வுகள்: வாசகர் கேள்வி–பதில்

பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு–கேட்டல் துறை இளநிலைப் பட்டம்) இறுதியாண்டு மாணவர்களும் எம்.எஸ்ஸி. மாணவர்களும் தங்கள் பிராஜெக்ட், டெசர்டேஷன் பற்றி எழுதிய கடிதங்கள் இம்முறை நிறைய வந்திருந்தன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால், அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆசிரியர்களின் குரல் பிரச்சினை பற்றி பிராஜெக்ட் செய்ய ஆசை. ‘தலைப்பு ரொம்பப் பெரிசு’ என்கிறார் கைடு. கையில் இருப்பது ஐந்து மாதம். எப்படிச் சுருக்குவது?
*இறுதியாண்டு மாணவி, திருச்சி*

கைடு சொல்வது சரிதான். ஆசிரியர்களின் குரல் பிரச்சினை என்பது ஒரு வாழ்நாள் வேலை. யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு அளக்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தலைப்பு இன்னும் சுருங்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: ‘புகைப்பழக்கம் இல்லாத, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றிய தொடக்கப்பள்ளி ஆசிரியைகளின் குரலில், முதல் வகுப்புக்கு முன்னும் அன்றைய கடைசி வகுப்புக்குப் பின்னும் அடிப்படை அதிர்வெண் மாறுகிறதா?’ குரல்நாண்கள் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதே அடிப்படை அதிர்வெண். காலையும் மாலையும் அதே ஆசிரியையின் குரல் என்பதால் வயது, உடல்வாகு, பேசும் பழக்கம் எல்லாம் தாமாகவே சமன் ஆகிவிடும். வேறொரு குழுவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பிறகு நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பகுப்பாய்வுக்கும் எழுதுவதற்கும் ஆறு வாரம் ஒதுக்குங்கள். பல கல்லூரிகளில் எத்திக்ஸ் கமிட்டி மாதா மாதம் கூடுவதில்லை; ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டியதுதான். அரசுப் பள்ளி என்றால் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நாட்களில் எந்தத் தலைமையாசிரியரும் உள்ளே விடமாட்டார். இத்தனையும் கழித்தால் பதிவு செய்ய மிஞ்சுவது பெரும்பாலும் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்குள் அடங்கும் கேள்விதான் உங்கள் தலைப்பு.

கேள்வி: ‘முப்பது பேர் எடு, போதும்’ என்று சீனியர்கள் சொல்கிறார்கள். முப்பதுக்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?
*எம்.எஸ்ஸி. ஆடியாலஜி மாணவர், சென்னை*

எல்லா ஆய்வுக்கும் பொருந்தும் கணக்கு எதுவும் இல்லை. எத்தனை பேர் வேண்டும் என்பது, எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஜி-பவர் மென்பொருளில் இதைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு தனித்தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிட வேண்டும், ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, பவர் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 0.80, இருபக்கச் சோதனை என்று வையுங்கள். நடுத்தர வித்தியாசத்துக்கு, அதாவது கோஹன் டி (சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்த எண்) 0.5 என்றால், குழுவுக்கு 64 பேர். பெரிய வித்தியாசமான 0.8-க்குக் குழுவுக்கு 26 பேர். அதே நபரை இருமுறை அளந்து ஒப்பிடும்போது 0.5-க்கு மொத்தமே 34 பேர் போதும். குழுவுக்கு முப்பது என்றால், டி ஏறக்குறைய 0.74-க்குக் கீழே உள்ள வித்தியாசம் உங்கள் கையில் சிக்காமல் போக வாய்ப்பு அதிகம். முதல் கேள்வியில் காலை–மாலை ஒப்பீட்டைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி மதிப்பை எங்கிருந்து எடுப்பது? அதே கருவி, அதே மாதிரி ஆட்களை வைத்து முன்பு வந்த ஆய்வின் சராசரி, திட்ட விலக்கத்திலிருந்து. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்க மிகச் சிறிய வித்தியாசம் எது என்பதைக் கைடோடு பேசி முடிவுசெய்து, காரணத்தையும் எழுதிவையுங்கள். பாதியில் விலகுபவர்களுக்காகப் பத்து முதல் இருபது சதவீதம் கூடுதலாகச் சேருங்கள்.

ஆடியாலஜி பிராஜெக்ட்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது பேரைச் சோதித்துவிட்டு ‘மாதிரி எண்ணிக்கை 60 காதுகள்’ என்று எழுதுகிறார்கள். ஒருவரின் வலது காதும் இடது காதும் ஒரே வயதைக் கடந்தவை, ஒரே சத்தத்தைக் கேட்டவை, ஒரே மரபணுவைக் கொண்டவை. அவற்றைத் தனித்தனி நபர்களாக எண்ணினால் பிழை வீச்சு செயற்கையாகச் சுருங்கும். இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும். ஒரு காதை மட்டும் எடுங்கள். வலதா, நல்ல காதா, குலுக்கல் முறையில் ஒன்றா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் காதை ஒரே நபருக்குள் வரும் காரணியாக வைக்கும் பகுப்பாய்வைச் செய்யுங்கள்.

கேள்வி: குரல் மாதிரிகளை மொபைலில் பதிவு செய்து பிராட் மென்பொருளில் போட்டேன். ஜிட்டர், ஷிம்மர் எல்லாருக்கும் அதிகமாக வருகிறது, நல்ல குரல் உள்ளவர்களுக்கும்கூட. எங்கே தவறு?
*இறுதியாண்டு மாணவர், கோயம்புத்தூர்*

பிராட் மீது தவறில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்க்கும் உருவாக்கிய அந்த மென்பொருள், கொடுத்த ஒலியைத்தான் அளக்கும். கொடுத்த ஒலி எப்படி வந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள்.

முதலில் கோப்பு. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக வாங்கியவை, எம்.பி.3-ஆக மாற்றியவை எல்லாம் சுருக்கப்பட்ட ஒலி. ஒரு சுழற்சிக்கும் அடுத்த சுழற்சிக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைத்தான் ஜிட்டரும் ஷிம்மரும் அளக்கின்றன. காதுக்குத் தேவையில்லை என்று சுருக்கும்போது கைவைக்கப்படுவது அந்த நுண்ணிய விவரத்தில்தான். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு — இதைத் தவிர வேறெதிலும் பதிவு செய்யாதீர்கள். அடுத்தது போனின் தானியங்கி வேலைகள். பல போன்கள் சத்தத்தைத் தாமே ஏற்றி இறக்கும், பின்னணி இரைச்சலை வெட்டும். பேசுபவருக்கு அது வசதி. வீச்சு மாற்றத்தை அளக்கும் ஷிம்மருக்கு அது கேடு. அந்த வசதிகளை நிறுத்த முடியாத செயலியை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம். துறையில் இருக்கும் ரெக்கார்டரையோ, கணினியோடு இணைத்த மைக்கையோ கேட்டு வாங்குங்கள்.

தலையில் மாட்டும் மைக் என்றால் உதட்டு ஓரத்திலிருந்து 4 முதல் 10 செ.மீ. தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் 45 டிகிரி பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று மைக்கில் அடித்து ‘புஃப்’ என்று விழும். தூரத்தை முதல் நபருக்கு அளந்தது போலவே கடைசி நபருக்கும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.

அறையில் ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் இது சங்கடம்தான், ஆனால் வேறு வழியில்லை; ஆளுக்கு ஐந்து நிமிடம் நிறுத்தி, இடையில் போட்டுக்கொள்ளலாம். குரலுக்கும் பின்னணி இரைச்சலுக்கும் இடையே குறைந்தது 30 டெசிபல் வித்தியாசம் வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி அமைதியைப் பதிவு செய்தால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பிராட் அமைப்புகள். சுருதியைத் தேடும் எல்லையை ஆண்களுக்கு 75–300, பெண்களுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கீழ் எல்லையை மிகத் தாழ்த்தினால் 220 ஹெர்ட்ஸ் குரலை மென்பொருள் 110 என்று பாதியாகப் படிக்கக்கூடும். அப்படி ஓரிரு இடத்தில் தாவினாலே ஜிட்டர் எகிறிவிடும். எண்ணை எழுதும் முன், திரையில் சுருதியைக் காட்டும் நீலக் கோட்டைக் கண்ணால் பாருங்கள். ‘ஆ’ ஒலியை வசதியான சுருதியில், வசதியான உரப்பில் ஐந்து விநாடி, மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு நடுவில் மூன்று விநாடியை எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கரகரப்பு மிகுந்த குரல்களில் ஜிட்டர் நம்பத்தக்கதல்ல. சுழற்சியே ஒழுங்கில்லாத ஒலியில் சுழற்சிக்குச் சுழற்சி வேறுபாட்டை எப்படி அளப்பது? இன்கோ டிட்ஸே 1995-இலேயே குரல் அலைகளை மூன்று வகையாகப் பிரித்து, ஏறக்குறைய ஒழுங்கான முதல் வகைக்கு மட்டுமே இந்த அளவுகள் பொருந்தும் என்றார். நோயாளிக் குழு இருந்தால் செப்ஸ்ட்ரல் பீக் அளவையும் (குரல் எவ்வளவு ஒழுங்காக அதிர்கிறது என்பதைக் காட்டும் எண்) சேர்த்து எடுங்கள். அதற்குச் சுழற்சிகளைத் தனித்தனியே பிரித்தறிய வேண்டியதில்லை, தொடர்பேச்சிலும் எடுக்கலாம். பிராட் காட்டும் டெசிபல் எண்ணை மட்டும் அப்படியே ‘குரலின் உரப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். ஒலிமட்ட மானியோடு ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்யாதவரை அது வெறும் ஒப்பீட்டு எண்.

கேள்வி: தமிழ்நாட்டில் உருவான ஒரு தமிழ் உச்சரிப்புப் படச் சோதனையை இங்குள்ள பிள்ளைகளிடம் பயன்படுத்தி ஆய்வு செய்யலாமா? சில படங்களுக்குப் பிள்ளைகள் வேறு சொல் சொல்கிறார்கள்.
*மாணவி, யாழ்ப்பாணம்*

அப்படியே பயன்படுத்தக் கூடாது. சொல் வேறுபடுவது கண்ணுக்குத் தெரியும் சிக்கல். பப்பாளிப் படத்துக்குப் பப்பாசி, சோப்புக்குச் சவர்க்காரம், பிரெட்டுக்குப் பாண் என்று பிள்ளை சொன்னால், சோதிக்க நினைத்த ஒலியே அந்தச் சொல்லில் இருக்காது. படத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். ஒலி வேறுபடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது பிழையாக எண்ணப்பட்டுவிடும். ‘காற்று’ தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ‘காத்து’ ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அந்த ற்ற இன்றும் நுனியண்ண வல்லொலியாகவே (நாநுனி மேல் ஈறைத் தொட்டு எழும் ஒலி) நிற்கிறது. தமிழ்நாட்டு மதிப்பெண் தாளை வைத்து யாழ்ப்பாணப் பிள்ளையை மதிப்பிட்டால், சரியாகப் பேசும் பிள்ளைக்கும் மதிப்பெண் குறையும்.

தமிழ்நாட்டிலேயே உச்சரிப்பு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் சேர்த்துச் சில விஷயங்கள். ஆங்கிலச் சோதனைகளைப் பார்த்து ‘சொல் முதல், இடை, கடை’ என்று மூன்று கட்டம் போட்டுவிடுகிறார்கள். தமிழ்ச் சொல் ட, ண, ள, ழ, ற எழுத்துகளில் தொடங்குவதில்லை. முதல் கட்டம் காலியாக நிற்கிறதே என்று ‘டம்ளர்’, ‘டிவி’ என இரவல் சொல்லைப் போட்டால், அதை இரவல் சொல் என்று குறிப்பிட்டுத் தனியாகக் கணக்கிட வேண்டும். கடைக் கட்டத்தில் இன்னும் சிக்கல். பேச்சில் ‘கல்’ கல்லு ஆகிறது, ‘பால்’ பாலு ஆகிறது. ‘மரம்’, ‘அவன்’ போன்றவற்றில் கடைசி மெல்லொலி தனியாக ஒலிக்காமல் உயிரோடு சேர்ந்து மூக்கொலியாகிவிடுகிறது. பெரியவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை அதையே சொன்னால் ‘கடை மெய் விடுபட்டது’ என்று எழுதுவது அநியாயம்.

எழுத்தை ஒலி என்று எண்ணுவதும் தவறு. ‘கை’, ‘அக்கா’, ‘தங்கை’, ‘மகன்’ நான்கிலும் இருப்பது ஒரே க. வாயில் வருவது ஒரே ஒலி அல்ல. ‘சட்டை’யின் ச வேறு, ‘பச்சை’யின் ச்ச வேறு. உங்கள் இலக்குப் பட்டியலில் எழுத்தோடு பன்னாட்டு ஒலியன் குறியீட்டையும் எழுதுங்கள்.

ழகரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பல வட்டார வழக்குகளில் ழ பேச்சில் ளகரமாகவே ஒலிக்கிறது. வீட்டில் எல்லாரும் ‘வாளப்பளம்’ என்றால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு: அதே படங்களைத் தாயிடமோ வளர்ப்பவரிடமோ காட்டி, அவர் இயல்பாகச் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். பிள்ளையின் உச்சரிப்பை அந்தப் பதிவோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். உங்கள் ஆய்வின் முடிவையே காப்பாற்றும் மூன்று நிமிடம் அது.

கேள்வி: குழந்தைகளின் வாக்கிய நீளத்தைச் சொல்லில் எண்ணுவதா, உருபனில் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்பகுதியில்) எண்ணுவதா?
*எம்.எஸ்ஸி. மாணவி, மதுரை*

இரண்டிலும் எண்ணி, இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். தமிழ் ஒட்டு மொழி. ‘வந்துகிட்டிருக்கான்’ ஒரு சொல், ஆனால் அதற்குள் வினை, தொடர்ச்சி, காலம், இடம், பால் எல்லாம் இருக்கின்றன. சொல்லை மட்டும் எண்ணினால் பிள்ளையின் வளர்ச்சியில் பாதி கணக்கில் வராது. உருபனை எண்ணுவதில் உள்ள தொல்லை, எங்கே வெட்டுவது என்பதில் இருவர் ஒத்துப்போக மாட்டார்கள். ‘போயிட்டேன்’ என்பதை எத்தனையாகப் பிரிப்பது என்று முதலிலேயே விதி எழுதி, ஐம்பது எடுத்துக்காட்டோடு பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். பிள்ளை ஒன்றுக்கு 100 கூற்றுகளாவது வேண்டும். ‘ஆமா’, ‘இல்ல’ போன்ற ஒற்றைப் பதில்கள் நிறைந்தால் சராசரி விழுந்துவிடும். ஆகவே ‘இது என்ன?’ என்று கேட்பதை விட்டு, விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்துப் பேசவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றை நானே தமிழாக்கி, 50 நோயாளிகளிடம் கொடுத்துவிட்டேன். கிரோன்பாக் ஆல்ஃபா 0.88. இது போதும்தானே?
*மாணவர், சேலம்*

போதாது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே ஆல்ஃபா சொல்லும். அவை சரியான விஷயத்தைக் கேட்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. ஒரே பிழையை இருபது கேள்வியிலும் செய்திருந்தாலும் ஆல்ஃபா உயர்ந்தே நிற்கும்.

முதலில், மூலக் கேள்வித்தாளின் உரிமையாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே எழுதுங்கள். அடுத்து, பீட்டன் குழுவினர் 2000-இல் வகுத்த வழியைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிய பின், மூலத்தையே பார்க்காத இருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார்கள். பிறகு நிபுணர் குழு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அதன் பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை.

அந்த முன்சோதனையில்தான் தமிழின் உண்மையான சிக்கல்கள் வெளிவரும். ‘இந்தக் கேள்வி என்ன கேட்குது, உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். விடைப் படிநிலையையும் சோதியுங்கள்: ‘எப்போதாவது’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்ற சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டின் வரிசை ஆளுக்கு ஆள் மாறினால் அந்த அளவுகோல் அளவுகோல் அல்ல. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் எல்லாருக்கும் வாசித்தே காட்டுங்கள். பாதிப் பேர் தாமே எழுதி, பாதிப் பேர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பதில்கள் வேறு வேறு தன்மையாகிவிடும்.

கையிலிருக்கும் 50 தாள்களை வீசிவிட வேண்டாம். எந்தக் கேள்விகளை மக்கள் விட்டுவிட்டார்கள் என்று பார்க்க அவை உதவும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் செவித்திறன் ஸ்கிரீனிங் செய்தோம். மூன்றில் ஒரு பிள்ளை ஃபெயில். இவ்வளவு பேருக்கா குறைபாடு இருக்கும்?
*இறுதியாண்டு மாணவர்கள், விழுப்புரம்*

இருக்க வாய்ப்பில்லை என்று நீங்கள் சந்தேகித்ததே நல்லது. பெரும்பாலும் அறையின் இரைச்சல்தான் காரணம். 500 ஹெர்ட்ஸையும் சேர்த்துச் சோதித்தீர்களா? பக்கத்து வகுப்புப் பாட்டு, ஃபேன், சாலையில் போகும் லாரி எல்லாமே தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் அதிகம் சேரும். அமைதியான அறை இல்லாத பள்ளியில் 500-இல் கிடைக்கும் தோல்வி பிள்ளையின் தோல்வி அல்ல. 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் எச்.எல். (இயல்பான செவியின் வரம்பிலிருந்து எண்ணும் அளவு) என்பதுதான் பள்ளி ஸ்கிரீனிங்குக்கான வழக்கமான அளவு.

தினமும் காலையில், அதே அறையில், அதே ஹெட்போனில், செவித்திறன் இயல்பு என்று உறுதியான உங்களில் ஒருவரைச் சோதியுங்கள். ஸ்கிரீனிங் அளவைவிட 10 டெசிபல் குறைவாக வைத்தாலும் எல்லா அதிர்வெண்ணிலும் அவருக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அறையை மாற்றுங்கள், அல்லது பள்ளி விட்ட பிறகு செய்யுங்கள். தோற்ற பிள்ளைக்கு ஹெட்போனைக் கழற்றி, காதணி, ரிப்பன், சடையை ஒதுக்கிச் சரியாக மாட்டி, உடனே இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். இதிலேயே கணிசமானோர் தேறிவிடுவார்கள். தொடங்கும் முன் ஓட்டோஸ்கோப்பில் மெழுகைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை ஒரே தாளத்தில் கொடுக்காதீர்கள், உங்கள் கை அசைவு பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

உங்கள் கடிதத்தில் ‘ஸ்கிரீனிங்கின் உணர்திறன் 94 சதவீதம்’ என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். தோற்றவர்களை மட்டுமே முழு ஆடியோமெட்ரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தேறியவர்களில் யாருக்குக் குறைபாடு தவறிப்போனது என்பது தெரியாமல் உணர்திறனை, அதாவது குறைபாடு உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சோதனை பிடித்தது என்பதை, கணக்கிடவே முடியாது. தேறியவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவர்களுக்கும் முழுச் சோதனை செய்யுங்கள். அது முடியாவிட்டால் அந்த எண்ணை நீக்கிவிட்டு, எத்தனை பேர் தோற்றார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு உறுதியானது என்பதை மட்டும் எழுதுங்கள். உறுதியான பிள்ளைகளின் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவித்து, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவதும் ஆய்வின் பகுதிதான்.

கேள்வி: பிறந்த குழந்தைகளிடம் ஓ.ஏ.இ. (உட்செவி எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் சோதனை) ஆய்வு. முதல் நாளிலேயே எடுத்தால் ‘ரெஃபர்’ (தேறவில்லை) அதிகம் வருகிறதே?
*மாணவி, தஞ்சாவூர்*

காதுக் குழாயில் பிறந்தபோது உடலில் படிந்திருந்த மாவு போன்ற வெண்பூச்சும் நடுச்செவியில் திரவமும் இருக்கும். முதல் 24 மணி நேரத்தைத் தவிர்த்து, வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு நெருக்கமாக எடுங்கள். ரெஃபர் வந்தால் புரோபைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். பால் குடித்துத் தூங்கும் நேரமே நல்ல நேரம். இரண்டு தொனிகளைக் கொடுத்து எடுக்கும் டி.பி.ஓ.ஏ.இ. என்றால் அதன் அமைப்பை (65/55 டெசிபல், விகிதம் 1.22, இரைச்சலைவிட 6 டெசிபல் மேலே இருந்தால் தேர்ச்சி என்பது போல) முறையியல் பகுதியில் எழுதுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளை ஓ.ஏ.இ. மட்டும் வைத்துத் தேற்றிவிடக் கூடாது. செவி நரம்புக் கோளாறு உள்ள குழந்தைக்கும் ஓ.ஏ.இ. நன்றாகவே வரும். அவர்களுக்கு, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் எதிர்வினையை அளக்கும் தானியங்கி ஏ.பி.ஆர். வேண்டும்.

கேள்வி: விசைத்தறித் தொழிலாளர்களின் செவித்திறனை ஆராய விரும்புகிறோம். சத்தத்தை போன் செயலியில் அளந்தால் ஏற்பார்களா?
*மாணவர்கள், ஈரோடு*

உத்தேசமாகப் பார்க்க உதவும், ஆய்வில் எழுத உதவாது. ஒவ்வொரு போனின் மைக்கும் வேறு. துறையிலோ பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ அளவுதிருத்தம் செய்த ஒலிமட்ட மானியை வாங்கி, ஏ வெயிட்டிங்கில் (காது உணரும் விதத்துக்கேற்ப எடையிடும் அமைப்பு), தறி ஓடும்போது தொழிலாளி நிற்கும் இடத்தில், அவர் காது உயரத்தில் சராசரி அளவை எடுங்கள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைப்பது 85. நியாஷ் கணக்கில் அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி, 94 என்றால் ஒரு மணி நேரம். எந்த விதியை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதைச் சொல்லாமல் ‘அனுமதிக்கப்பட்ட அளவை மீறியது’ என்று எழுதாதீர்கள்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வருபவரைப் பிடித்து ஆடியோமெட்ரி செய்வதுதான் இத்தகைய ஆய்வுகளைக் கெடுக்கும் பெரிய பிழை. அப்போது காது களைத்திருக்கும். தற்காலிகமாக உயர்ந்த கேட்கும் வரம்பை நிரந்தர இழப்பு என்று எழுதிவிடுவீர்கள். சத்தத்திலிருந்து குறைந்தது 14 மணி நேரம் விலகியிருந்த பிறகு சோதியுங்கள். வார விடுமுறைக்கு மறுநாள், வேலை தொடங்கும் முன் எடுப்பது நடைமுறையில் எளிது. 3000, 6000 ஹெர்ட்ஸை விட்டுவிடாதீர்கள்; சத்தத்தால் ஆடியோகிராமில் வரும் பள்ளம் 3000-க்கும் 6000-க்கும் இடையில்தான் விழும், 8000-இல் மீண்டும் ஏறும். அந்த ஏற்றம் வயதால் வரும் இழப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். ஒப்பீட்டுக் குழுவை வயது பார்த்துச் சேருங்கள்: 50 வயது நெசவாளியை 21 வயதுக் கல்லூரி மாணவனோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் வித்தியாசத்தில் தறி எவ்வளவு, வயது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

தனிநபர் ஆடியோகிராமைத் தறி உரிமையாளரிடம் காட்டாதீர்கள், ஆய்வுக்கு அனுமதி தந்தவர் அந்த உரிமையாளரே என்றாலும். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் வேலை போகலாம் என்ற அச்சம் தொழிலாளர்களுக்கு உண்டு, அது நியாயமான அச்சம். முடிவு தொழிலாளியின் கையில் மட்டும் போக வேண்டும்.

கேள்வி: திக்குவாய் உள்ள மூன்று பிள்ளைகள்தான் கிடைத்தார்கள். சிகிச்சை பற்றிய ஆய்வைக் கைவிடவா?
*எம்.எஸ்ஸி. மாணவர், வேலூர்*

வேண்டாம். மூன்று பேருக்கென்றே பொருத்தமான முறை ஒன்று உண்டு: நபர்களுக்கிடையே பல அடிப்படைக் கோடுகள். மூவரையும் ஒரே வாரத்தில் அளக்கத் தொடங்குங்கள். சிகிச்சை இல்லாமல் குறைந்தது ஐந்து முறை அளந்து முதல் பிள்ளையின் அளவு நிலையான பிறகு அவனுக்கு மட்டும் சிகிச்சை தொடங்கும். மற்ற இருவருக்கும் வெறும் அளவீடு தொடரும். முதலாமவனிடம் மாற்றம் தெரிந்த பிறகு இரண்டாமவனுக்கு, பிறகு மூன்றாமவனுக்கு. சிகிச்சை தொடங்கிய இடத்தில் மட்டும், மூவரிடமும், திக்கல் இறங்கினால் அது சிகிச்சையால் வந்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிறு பிள்ளைகளில் பலருக்குத் திக்கல் தானாகவே மறைந்துவிடும் என்பதால், வெறும் ‘முன்–பின்’ ஒப்பீடு எதையும் நிரூபிக்காது.

திக்கலைச் சொல்லுக்கு அல்ல, அசைக்கு எண்ணுங்கள். ‘வந்துகிட்டிருக்கான்’ என்பதில் மட்டும் ஆறு அசை. ஒவ்வொரு முறையும் குறைந்தது 300 அசை. காணொளிகளின் தேதியை மறைத்து, வரிசையைக் கலைத்து, சிகிச்சை தராத ஒருவரிடம் எண்ணக் கொடுங்கள். முதல் பிள்ளையைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-இல் பதிவு செய்துவிடுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஆய்வுகளை 2018 ஏப்ரல் முதல் அங்கே பதிவு செய்ய முடியாது.

கேள்வி: இரண்டு பேர் மதிப்பிட்ட எண்களுக்கு இடையே பியர்சன் தொடர்பு 0.95. நம்பகத்தன்மை உறுதி என்று எழுதலாமா?
*மாணவி, திருநெல்வேலி*

முடியாது. ஒருவர் எப்போதும் மற்றவரைவிடப் பத்து மதிப்பெண் கூடுதலாகவே போட்டாலும் பியர்சன் 1 வரும். எண் அளவுகளுக்கு ஐ.சி.சி. (உள்வகுப்புத் தொடர்பு எண்) எடுங்கள், ‘முழு ஒப்பு’ வகையில், 0.75-க்கு மேல் நன்று, 0.9-க்கு மேல் மிக நன்று என்பது கூ, லீ இருவர் 2016-இல் தந்த வழிகாட்டல். சரி–தவறு மதிப்பீட்டுக்குக் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த ஒப்பு அளவு), ஜி.ஆர்.பி.ஏ.எஸ். குரல் மதிப்பீடு போன்ற 0 முதல் 3 வரையான படிநிலைக்கு எடையிட்ட கப்பா.

கேள்வி: ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சைப் பதிவு செய்யப் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதுமா?
*மாணவி, புதுச்சேரி*

போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டலின்படி 7 முதல் 12 வயதுவரை பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் வாய்மொழி இசைவும் வேண்டும். 12-க்கு மேல் 18 வரை எழுத்தில் வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிறகும் பிள்ளை ‘வேணாம்’ என்றால் அன்று பதிவு இல்லை.

குரலே அடையாளம் என்பதை மறக்க வேண்டாம். கோப்புக்குப் பிள்ளையின் பெயரை வைக்காமல் குறியீட்டு எண் வையுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை வேறு இடத்தில், பூட்டில் வையுங்கள். பதிவின் நடுவே பிள்ளை தன் பெயரையோ ஊரையோ பள்ளியையோ சொல்லும் இடங்களை அமைதியாக்குங்கள். கருத்தரங்கில் ஒலித்துக் காட்ட விரும்பினால் அதற்குத் தனிச் சம்மதக் கட்டம் படிவத்தில் இருக்க வேண்டும். ஆய்வுக்குச் சம்மதித்தவர் அரங்கில் ஒலிபரப்பவும் சம்மதித்ததாக ஆகாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவுகூடப் பகிரக் கூடாது.